அறுபத்தொன்றாம் தூண்

பிப்ரவரி 17, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அண்ணன் அப்பாவின் வீட்டை விற்றபோது பேசவில்லை. பெரியவன், செய்யட்டும் என்று இருந்தேன். கல்லூரியில் என்னைக் கடைசிவரை ஒப்பந்த விரிவுரையாளனாகவே வைத்திருந்து, ஒரு மே மாதம் வாட்ஸ்அப்பில் 'இனி வர வேண்டியதில்லை' என்று அனுப்பினார்கள். அப்போதும் பேசவில்லை. இன்று, என்னிடம் இயற்பியல் படித்து இரண்டு தாளில் தோற்ற தணிகாசலம் நடத்தும் கோச்சிங் சென்டரில் பாடம் எடுக்கிறேன். அவன் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான். அந்த 'சார்' என் காதில் எப்படி விழுகிறது என்று யாரிடமும் சொன்னதில்லை.

இனிமேல் எழுதுவேன். முதலில் சைக்கிள் பாதையைப் பற்றி.

கால்வாய் ஓரமாக, பறக்கும் ரயிலின் தூண்களுக்கு அடியில், சிவப்பு வண்ணம் பூசி ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் அதில் சைக்கிள் ஓட்டுவது என் வழக்கம். உடம்புக்கு நல்லது. ஆனால் ஐம்பத்தெட்டாம் தூணைத் தாண்டியதும் அது பாதையாக இல்லை, யாருடைய வீட்டுக்குள்ளோ சைக்கிளோடு நுழைந்துவிட்டது போல இருக்கிறது. அடுப்பு, குடம், கொடிக்கயிறு, நாய், போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் ஆள். அறுபத்தொன்றாம் தூணருகே பாதையின் நட்ட நடுவில் ஒரு மரக்கிளையை நிறுத்தி, அதில் சிவப்புத் துணி கட்டி, சுற்றிலும் செங்கல் வைத்திருக்கிறார்கள். யாரைக் கேட்டு வைத்தார்கள்? அந்த இடம் வரும்போதெல்லாம் சக்கரத்தை ஓரத்துக்கு ஒடித்து, கால்வாய்ச் சுவரை உரசிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பாதை யாருக்காகப் போடப்பட்டது என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சென்டரின் மூன்றாம் அறை மின்விசிறி மறுபடியும் நின்றுவிட்டது. கொசுவர்த்தி வாங்க வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

நந்தகோபால் கூப்பிட்டான். பள்ளியில் என்னோடு படித்தவன். இப்போது பல் டாக்டர், 'விடியல் சக்கரங்கள்' சைக்கிள் குழுவின் தலைவர். அவன் சைக்கிளை ஒரு விரலால் தூக்கலாம். என்னைக் குழுவில் சேர்த்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு மட்டும் கூப்பிட்டதில்லை. என் சைக்கிளின் மட்கார்டு சத்தம் போடும்.

"டேய் ப்ரொஃபசர், ஒரு ஹெல்ப். அந்தப் பாதையைப் பத்தி மண்டல அலுவலகத்துக்கு ஒரு பெட்டிஷன் கொடுக்கணும். இங்கிலீஷ்ல கொடுத்தா அவன் படிக்கவே மாட்டான். நீ உன் தமிழ்ல நறுக்குன்னு ஒண்ணு போடேன். நம்ம குரூப்ல நாலு வரி தப்பில்லாம எழுத ஆளே இல்லடா."

நான் விரிவுரையாளனாகத்தான் இருந்தேன். ப்ரொஃபசர் என்று அவன் சொல்வது கிண்டல். இருந்தும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மனுவுக்கு நடை வேண்டும். 'பாதையில் தடைகள் உள்ளன' என்றால் எந்த அதிகாரி அசைவான்? 'வழிப்பறி நோக்கத்துடன் திட்டமிட்டு வைக்கப்பட்ட தடைகள்' என்று எழுதினேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது சரியாக விழுந்தது.

நந்தகோபால் உடனே பதில் போட்டான்: "செமடா. ஜட்ஜ்மெண்ட் மாதிரி இருக்கு. நாளைக்கே கொடுத்துடறோம்."

பல நாளாக யாரும் என் எழுத்தை அப்படிப் பாராட்டியதில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

சட்டையில் மை கொட்டிவிட்டது. ஐம்பத்தெட்டாம் தூணருகே உள்ள தெருக்குழாயில் அலசிக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்றாம் தூண்காரி குடத்தோடு வந்தாள். பெயர் தேசம்மா என்று பிறகு தெரிந்தது. நாற்பத்தைந்து இருக்கும். மூக்குத்தி போட்ட ஓட்டை மட்டும் இருக்கிறது, மூக்குத்தி இல்லை.

"தேச்சாதான் போவும் சார் அழுக்கு. இந்தாங்க சோப்பு."

"வேண்டாம்."

"நேத்தும் அலசினீங்க, முந்தாநாளும் அலசினீங்க. ஊட்ல தண்ணி வர்லியா?"

நான் சட்டையைப் பிழிந்தேன். பின்னாலிருந்து அவள் புருஷன் அதட்டினான்: "இன்னா கேள்வி கேக்குற நீ? படிச்சவங்க ஆயிரம் ஜோலியா வருவாங்க. சோப்ப குட்த்துட்டு வாடி."

அவன் பெயர் கோட்டி. வாடகைக்கு மீன்பாடி வண்டி எடுத்து மணல், செங்கல், பழைய பீரோ என்று எதையாவது ஏற்றி மிதிக்கிறவன். என் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் செயினில் எண்ணெய் இல்லை என்றான். அப்புறம் சிவப்புப் பாதையைக் காட்டிச் சிரித்தான்.

"எங்க வண்டி இதுல வரக்கூடாதாம் சார். நானும் மிதிக்கிறேன், நீங்களும் மிதிக்கிறீங்க. எனக்கு ஒரு சக்கரம் ஜாஸ்தி. அது ஒரு குத்தமா?"

"பாதையில் கிளையை நட்டு வைத்திருப்பது மட்டும் குற்றமில்லையா?" என்று கேட்டேன்.

அவன் என்னை அழைத்துக்கொண்டு போய் ஒரு செங்கலை நகர்த்தினான். அடியில் பாதாளச் சாக்கடையின் சிமென்ட் மூடி பாதி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. கீழே கறுப்புத் தண்ணீர். கிளை அந்த ஓட்டைக்குள்தான் நின்றது.

"எங்க நாய் ஒண்ணு உள்ள பூட்ச்சி சார். அதுக்கு அப்புறந்தான் கிளை வெச்சேன். தூரத்துலேர்ந்து தெரியணும்னு இவ ஜாக்கெட்ட கியிச்சி கட்னேன்."

"நல்ல ஜாக்கெட்டு சார் அது," என்றாள் தேசம்மா. "கேக்காமயே கியிச்சிட்டாரு."

"ஆபீஸ்ல சொன்னோம். எங்க பேச்ச எவன் கேப்பான்? நீங்க படிச்சவரு. ஒரு லெட்டர் போடுங்க சார், நீங்க போட்டா வருவாங்க."

பார்க்கிறேன் என்றேன்.

மனு சனிக்கிழமையே போய்விட்டது. கொடுத்த மனுவைத் திருத்தி இன்னொரு மனு கொடுப்பது நன்றாக இராது. நந்தகோபால் என்ன நினைப்பான்?

மார்ச் 4, செவ்வாய்

பாதையில் விபத்து. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மாலை வகுப்பு முடிந்து வழக்கம்போல் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. குழுவில் இருக்கும் ஷைலஜா, கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண், மணியடித்து என்னைத் தாண்டிப் போனாள். ஒரு கையில் ஃபோன். திரையைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டே போனாள். கிளை வந்ததும் கடைசி நொடியில் ஹேண்டிலை ஒடித்தாள். முன்சக்கரம் செங்கலில் மோதியது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். ஃபோன் கையிலிருந்து கிளம்பி, மேலே போய், கால்வாய்ச் சுவரைத் தாண்டி வளைந்து இறங்கியது. எறிபொருளின் பாதையை எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆகாயத்தாமரைக்கு நடுவே அது விழுந்த சத்தமும் கேட்டது.

கிளை இல்லாதிருந்தால் சக்கரம் ஓட்டைக்குள் போயிருக்கும். அவளும் போயிருப்பாள்.

கோட்டிதான் முதலில் ஓடிவந்து தூக்கினான். தேசம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணுக்கு முழங்கையில் ரத்தம். "என் ஃபோன்! என் ஃபோன் எங்க?" என்று கத்தினாள். கோட்டி குனிந்து அவள் பையைச் சுற்றித் தரையில் கையால் துழாவினான். "பைகிட்ட இருந்து கையை எடு" என்று அவள் அலறினாள். அதற்குள் நாலைந்து சைக்கிள்கள் வந்து நின்றுவிட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நான் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சற்றுப் பின்னால் நின்றிருந்தேன். மாணவர்கள் எல்லோரும் போனபின் சென்டரை ஒருமுறை பார்த்துவருவது என் பொறுப்பு. சாவி என்னிடம் இருந்தது. திரும்பிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து குழுவில் இதே பேச்சு. ஷைலஜாவுக்கு எலும்பு முறிவு. ஃபோன் கிடைக்கவில்லை. 'அவங்க வேணும்னே விழ வெச்சு எடுக்கறாங்க', 'பொண்ணுங்க எப்படித் தனியா ஓட்டறது', 'ஃபோன் கடைசியா சிக்னல் காட்டின இடம் அதே தூண்தான்'.

'ஃபோன் கால்வாயில் விழுந்தது, நான் பார்த்தேன்' என்று தட்டினேன். அனுப்புவதற்குள் நந்தகோபாலின் செய்தி வந்து விழுந்தது: 'நம்ம ப்ரொஃபசர் இதைப் போன மாசமே எழுதிக் கொடுத்தான். அந்த வரியைப் படிச்சுப் பாருங்க. தீர்க்கதரிசி!' அதன் கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள். ஷைலஜாவே ஒன்று போட்டிருந்தாள்.

தட்டியதை அழித்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

கோட்டியைக் காலையிலேயே போலீஸ் அழைத்துப் போய்விட்டதாம்.

மார்ச் 6, வியாழன்

சட்டை காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு உராய்வு விசை நடத்தினேன்.

மார்ச் 9, ஞாயிறு

முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குக் கூப்பிட்டார்கள். கடற்கரைச் சாலை. நந்தகோபால் தன் இன்னொரு சைக்கிளை எனக்குக் கொடுத்தான். அப்படி ஒன்றை நான் ஓட்டியதே இல்லை. மிதிப்பதற்கு முன்பே போகிறது. முடிவில் எல்லோரும் ஓட்டலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம். ஷைலஜா கையில் கட்டோடு காரில் வந்திருந்தாள். எனக்கு நன்றி சொன்னாள். நல்ல பெண்தான். பயந்துபோயிருக்கிறாள்.

"ஏன் சார், அந்த ஆள் பாத்தா அப்படித் தெரியல. அவர்தான் என்னைத் தூக்கினார்," என்றாள்.

"அப்படித்தாம்மா இருப்பாங்க," என்றான் நந்தகோபால். "தூக்கற மாதிரி வந்து தூக்கிடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"நீ இப்ப எங்கடா இருக்க? அப்பா வீட்லதானே?" என்று கேட்டான்.

"பக்கத்தில்தான்," என்றேன். "சட்னி கொஞ்சம் தள்ளு."

மார்ச் 13, வியாழன்

மீன்பாடி வண்டியை முதலாளி வந்து எடுத்துப்போய்விட்டான். அது நின்ற இடத்தில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். நான் வேகமாகப் போயிருக்கலாம். செயின் கழன்றுவிட்டது.

அவளே வந்து குச்சியால் செயினைத் தூக்கிப் பல்லில் மாட்டினாள்.

"சார், அன்னிக்கு நீங்க அந்தப் பொண்ணு பின்னாடியேதான் வந்தீங்க."

"தள்ளித்தான் வந்தேன். இருட்டிவிட்டது. சரியாகப் பார்க்கவில்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையில் ஒட்டிய கிரீஸைப் புடவையில் துடைத்தாள்.

"சரி சார். பாக்காதத எப்டி சொல்லுவீங்க."

அதில் குத்தல் இருந்ததா, இல்லையா? திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். இருந்தது என்றுதான் படுகிறது. இந்த மாதிரி ஆட்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் இப்படித்தான், உரிமை எடுத்துக்கொள்வார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

தூண்களைக் காலி செய்தார்கள். லாரி, ஆட்கள், இரண்டு பெண் போலீஸ். நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று பார்த்தேன்.

யாரும் அடிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பாய், குடம், அடுப்பு எல்லாம் லாரியில் ஏறின. மற்றவர்கள் ஏறினார்கள். தேசம்மா தூணை விட்டு நகரவில்லை.

"அம்மா, காப்பகத்துல ஃபேன் இருக்கு, கட்டில் இருக்கு, மூணு வேளை சாப்பாடு. இங்க கொசுக்கடியில என்னத்தக் கண்டீங்க?"

"ஃபேன வெச்சி நான் இன்னா சார் பண்ணட்டும்? அவரு உள்ள இருக்காரு. வெளிய வுட்டா நேரா இங்கதான் வருவாரு. வேற எங்க தெரியும் அவருக்கு?"

"நாங்க சொல்லி அனுப்பறோம்."

"யாரு? நீங்களா? இன்னின்ன தூணுக்காரி இங்க போயிட்டான்னு ஜெயிலுக்குப் போயி சொல்லுவீங்களா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு அழுதாள். பெண் போலீஸ் இருவரும் அவள் தோளில் கை போட்டு, கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போவது போல் மெதுவாக லாரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

கடைசியாக ஓர் ஆள் கிளையைப் பிடுங்கி லாரியில் எறிந்தான். ஓட்டையின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதற்கும் சிவப்பு வண்ணம் பூசிவிட்டார்கள். இப்போது பார்த்தால் பாதை ஒரே சீராக இருக்கிறது.

குழுவில் படங்கள் வந்தன. 'நம் பாதை, நமக்கு!'

மார்ச் 23, ஞாயிறு

தூண்களில் படம் வரையும் நிகழ்ச்சி. நந்தகோபால் ஏற்பாடு. ஒரு தூணில் மீன், ஒரு தூணில் சூரியகாந்தி. அறுபத்தொன்றில் வாசகம் எழுதுவது என் பொறுப்பு. 'பாதுகாப்பான பாதை அனைவரின் உரிமை.' முதலில் தூண் முழுக்க நீலம் அடித்தோம். கறுப்பில் எழுதியிருந்த எண் இரண்டாவது பூச்சில் மறைந்தது.

வாசகத்தில் பாதியை முடித்தபோது பின்னால் குரல் கேட்டது.

"சார்."

தேசம்மா. காப்பகத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். காப்பகம் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறது. காலில் செருப்பு இல்லை.

"நம்பர மட்டும் திரும்ப எழுதிவுட்ருங்க சார். கீழ, ஓரமா, சின்னதா. அவருக்கு எழுத்து தெரியாது. நம்பர்தான் தெரியும். எல்லாத் தூணும் இப்டி பூ பூவா இருந்தா எது நம்மதுன்னு எப்டி கண்டுபுடிப்பாரு?"

"அதை நான் முடிவு செய்ய முடியாது. டாக்டரைக் கேள்."

நந்தகோபால் வாளியோடு வந்துகொண்டிருந்தான். "யாருடா இது? தெரிஞ்சவங்களா?"

"தெரியாது," என்றேன்.

தேசம்மா தூணைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம், நிழலில், எப்போதும் படுக்கும் இடத்தில் உட்கார்ந்தாள். வண்ணம் காயவில்லை. எழுந்து போனபோது அவள் முதுகெல்லாம் நீலமாக இருந்தது.

தூரிகையில் இன்னும் கறுப்பு மீதம் இருந்தது. எண் எழுத ஒரு நிமிடம் கூட ஆகாது. வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன்.

மார்ச் 24, திங்கள்

ஒன்றும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

மாலையில் ஐம்பத்தெட்டாம் தூணருகே ஒரு பெண் வக்கீல் சைக்கிள்காரர்களை நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா என்று பெயர். இலவசச் சட்ட உதவிக்காக இந்த வழக்கை எடுத்திருக்கிறார். பக்கத்தில் தேசம்மா. பெரும்பாலோர் நிற்காமல் போனார்கள். நானும் போயிருப்பேன், என் மட்கார்டு சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஒரு நிமிஷம் சார். தினம் இந்த வழியாத்தானே போறீங்க? நாலாம் தேதி சாயங்காலம் ஒரு பொண்ணு விழுந்தாங்களே, அப்ப இங்க இருந்தீங்களா?"

"எதற்குக் கேட்கிறீர்கள்?"

"கோட்டியோட கேஸ். ஃபோன் அவர்கிட்டயும் இல்ல, யார்கிட்டயும் இல்ல. சாதாரணமா இந்நேரம் ஜாமீன்ல வந்திருக்கணும். ஆனா இந்த கேஸ்ல ஒரு வரி மாட்டிக்கிச்சு." அவர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் படித்தார். "'வழிப்பறி நோக்கத்துடன் திட்டமிட்டு வைக்கப்பட்ட தடைகள்.' ஏதோ பெட்டிஷன்லேர்ந்து அப்படியே தூக்கிப் போட்டிருக்காங்க. கல்லு வெச்சது, கிளை வெச்சது எல்லாம் பிளான் பண்ணி வெச்சதுன்னு ஆயிடுச்சு. எவரோ நல்லாப் படிச்ச புண்ணியவான் எழுதியிருக்கார் சார்."

ஒரு பிழையும் இல்லாமல் படித்தார். நான் எழுதியபடியே இருந்தது.

"இப்ப அவர் ஒத்துக்கிறேன்னு சொல்றாரு," என்றார் வக்கீல். "ஒத்துக்கிட்டா சீக்கிரம் விட்டுருவாங்கன்னு உள்ள யாரோ சொல்லியிருக்காங்க. ஒத்துக்கிட்டா அப்புறம் ஆயுசுக்கும் திருடன். இந்த ஏரியாவுல எது காணாமப் போனாலும் முதல்ல இவரைத்தான் தூக்குவாங்க. புதன்கிழமை வாய்தா. அதுக்குள்ள ஃபோன் எங்க போச்சுன்னு பார்த்தவங்க ஒரே ஒருத்தர் வந்தாப் போதும்."

"கடிதம் எழுதினால் போதாதா?"

"பேரு, முகவரி, கையெழுத்து வேணும். கூப்பிட்டா வந்து நிக்கணும். மொட்டைக் கடுதாசி வந்தா நான் படிப்பேன் சார், கோர்ட்ல அதை நீட்ட முடியாது." பிறகு தேசம்மாவிடம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களே, பின்னாடி ஒருத்தர் பழைய சைக்கிள்ல வந்தார்னு. இந்த சாரா?"

தேசம்மா கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"இல்லம்மா. அவரு வேற."

வக்கீல் ஒரு முகவரி அட்டையைக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் செய்ததை மறந்தாலும் மறப்பேன். அந்த 'வேற' என்ற சொல்லை மன்னிக்கவே மாட்டேன். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கத்தியிருக்கலாம். 'இவரும் எங்கள மாரிதான், கொழாயடில குளிக்கிறாரு' என்று நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 29, சனி

தணிகாசலம் வகுப்புக்கு வெளியே நிறுத்திக் கேட்டான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்வீப்பர் அக்கா சொன்னாங்க, மூணாவது ரூம்ல பெஞ்சுக்குப் பின்னாடி பாய், தலகாணி எல்லாம் இருக்காம். பசங்க எவனாச்சும் ராத்திரி தங்குறானா? சாவி உங்ககிட்டதானே இருக்கு, கொஞ்சம் பாருங்க."

"பார்க்கிறேன்."

"யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க சார், போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடலாம். இந்தக் காலத்துல யாரை நம்புறது? பொம்பளப் பசங்க படிக்கிற இடம்."

அவன் கண்ணைப் பார்த்தேன். தெரிந்து கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா? படிக்கிற காலத்திலும் அவன் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பாயைச் செய்தித்தாளில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டினேன். தலையணையை மடக்க முடியவில்லை.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. சென்டர் பூட்டியிருக்கிறது. உள்ளே அமைதி. எழுத நல்ல நாள்.

வக்கீலுக்கு எழுதி முடித்துவிட்டேன். ஒரு பக்கம். விளக்கவுரை, அணி எதுவும் இல்லை. வெளிச்சம் எவ்வளவு இருந்தது, நான் எவ்வளவு தூரத்தில் இருந்தேன், ஃபோன் எந்தப் பக்கம் பறந்தது, எந்தச் செடிக்கு நடுவே விழுந்தது, கிளை ஏன் அங்கே இருந்தது, அதற்கு முன்பே அதை எனக்குக் காட்டியது யார். கோட்டியின் இரண்டு கைகளும் அந்தப் பெண்ணின் தோள்களுக்கு அடியில் இருந்தபோதே ஃபோன் தண்ணீருக்குள் இருந்தது. இதற்கு மேல் தெளிவாக எவராலும் எழுத முடியாது.

மனுவைப் பற்றி எழுதவில்லை. அது வழக்குக்குத் தேவையில்லை.

கடைசியில் பெயர் எழுதினேன். அதன் கீழே 'முகவரி' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன்.

முதலில் பழைய வீட்டு முகவரி. அங்கே இப்போது நான்கு மாடி நிற்கிறது. அடித்தேன். அண்ணனின் முகவரி எழுதினேன். போலீஸ்காரர் போய் விசாரித்தால் அண்ணி வாசலிலேயே நின்று, 'அவர் இங்க இல்லீங்களே, எங்க இருக்கார்னே தெரியாது' என்பாள். உண்மையும் அதுதான். அடித்தேன். சென்டரின் முகவரியை எழுதத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டேன். சம்மன் வந்தால் தணிகாசலம்தான் வாங்குவான். வாங்கி, படித்து, மூன்றாம் அறைக்கு வந்து பார்ப்பான்.

தாள் அழுக்காகிவிட்டது. சுத்தமாக இன்னொரு பிரதி எடுத்தேன்.

யோசித்துப் பார்த்தால், சொன்ன விஷயம்தான் முக்கியம், சொன்னவன் யார் என்பது அல்ல. ஓர் உண்மை என் பெயர் இருந்தால் கூடப் போவதில்லை, இல்லாவிட்டால் குறையப் போவதில்லை. இதைப் படிக்கும் எந்த நேர்மையான வக்கீலுக்கும் நடந்தது புரிந்துவிடும். நீதிபதிக்குப் புரியவைப்பது அவர் வேலை. அதற்குத்தான் படித்திருக்கிறார். அட்டையில் ஃபோன் எண்ணும் இருக்கிறது. ஆனால் அன்று என் குரலைக் கேட்டவர், பேசினால் தெரிந்துகொள்வார்.

இன்று பெட்டியில் போட்டால் நாளை எடுப்பார்கள். புதன்கிழமை காலை அவர் கிளம்புவதற்குள் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். தபால்துறை இப்போதெல்லாம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மதியம் பாதை வழியாக ஒருமுறை போய்வந்தேன். நீலத் தூணின் மறுபக்கத்தில் தேசம்மா இருந்தாள். திரும்பவும் நடந்து வந்திருக்கிறாள். யாராவது வந்து எழுப்பும்வரை இருப்பாள், எழுப்பினால் போவாள், பிறகு வருவாள். பலகை போட்ட இடத்துக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த வழியாக வந்த ஒரு சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டினார். அவள் காலை மடக்கவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக ஒடித்துப் போனார்.

நானும் ஓரமாகத்தான் போனேன். அவள் தலையை நிமிர்த்தி, "பாத்து போங்க சார்" என்றாள்.

உறையை ஒட்டிவிட்டேன். வக்கீலின் முகவரி தெளிவாக இருக்கிறது. அனுப்புநர் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை, உள்ளே பெயரும் கையெழுத்தும் இல்லை. இப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில் போடப்போகிறேன்.